உங்களுக்குத் தெரியுமா? கொல்லைக்குள் ஒரு காடு!

நம் கடற்கரை ஊர் கடப்பாக்கத்தில் வசந்தம் எந்த மாதம்? சித்திரை என்று சொன்னால் தோற்றீர்கள்! ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்ததும் வேலியோரம் போய்ப் பாருங்கள். அங்கேதான் முதல் தீ பற்றியிருக்கும். செங்காந்தள்!

அந்தப் பூவுக்கு ஒரே நிறம் கிடையாது. பச்சையாய் விரியும், மஞ்சளாகும், ஆரஞ்சாகும், கடைசியில் ரத்தச் சிவப்பாகும். ஒரே கொடியில் நாலு நிறமும் ஒரே நேரத்தில் தொங்கும்!

கொடி எதைப் பிடித்து ஏறுகிறது? தனியாகப் பற்றுக்கம்பி இல்லை. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இலையே அதற்குக் கை!

தமிழ்நாட்டின் மாநிலப் பூ என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஜிம்பாப்வேயின் தேசியப் பூவும் இதுதான் என்பது? அந்த நாடு தென் ரொடீசியாவாக இருந்த 1947-ல், எலிசபெத் இளவரசியின் 21-ஆம் பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்துப் பரிசு கொடுத்தார்கள். வைரத்தில் இழைத்த செங்காந்தள் ப்ரூச்! நம் வேலியில் அது ஓசி!

கிழங்கிடம் மட்டும் விளையாட்டு வேண்டாம். அதுதான் கண்வலிக் கிழங்கு. வேர் முதல் விதை வரை கோல்சிசின் என்ற நஞ்சு! அதே கோல்சிசின் அளவோடு கொடுத்தால் கவுட் என்னும் மூட்டு வலிக்கு மருந்து. அதே கோல்சிசினைச் செடியில் தடவித்தான் விதையில்லாத் தர்ப்பூசணி ரகத்தை உருவாக்கினார்கள்! அடுத்த முறை மரக்காணம் சாலையில் தர்ப்பூசணி வாங்கும்போது கடைக்காரரிடம் இதை அவிழ்த்துவிடுங்கள். அசந்துபோவார்!

பூவிலிருந்து காட்டுக்கு வருவோம். இந்தியக் காடுகளை 1968-ல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் 16 பெரும் வகையாகப் பிரித்தார்கள். அதில் 7-ஆம் எண் நம் சோழமண்டலக் கரையின் காடு. உலர் பசுமைமாறாக் காடு! அதை உங்கள் கொல்லையிலேயே வளர்க்கலாம்!

வருட மழையில் பாதிக்கு மேல் மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். ஆனாலும் வீரை, காசான், பாலை, குருந்து ஆகியவை மொட்டையடித்துக்கொள்வதே இல்லை. அக்கினி நட்சத்திரத்திலும் பச்சை!

ரகசியம் இலையில். தொட்டுப் பாருங்கள், தோல் மாதிரி தடிப்பு! தண்ணீரை லேசில் வெளியே விடாது.

உயரமும் கைக்கு அடக்கம். பெரும்பாலும் 40 அடிக்குள்! வீட்டுப் பக்கத்தில் தைரியமாக வைக்கலாம்.

அசல் காட்டைப் பார்க்க வேண்டுமா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும் வழியில் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலில் இறங்குங்கள். சாமி காடு! குச்சி ஒடிக்கவும் ஊரார் அஞ்சுவார்கள். அந்த அச்சம்தான் காட்டைக் காப்பாற்றியது. தாவர ஆய்வாளர்கள் படையெடுத்து வந்து மரம் மரமாக எண்ணிவிட்டுப் போகிறார்கள்!

சென்னைக்காரர்கள் அவ்வளவு தூரம் வர வேண்டாம். கிண்டி தேசியப் பூங்காவும் இதே வகைக் காடுதான். பரப்பு வெறும் 2.7 சதுர கிலோமீட்டர்! நகரத்தின் நடுவில், கவர்னர் மாளிகையை ஒட்டி!

சரி, இருட்டட்டும். இப்போதுதான் கொல்லையில் கச்சேரி!

மரமல்லி இரவில் மட்டும் விரியும். நீண்ட குழாய் மாதிரி பூ. அடியில் தேன். யாருக்கு? அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் வைத்திருக்கும் பருந்து அந்துப்பூச்சிக்கு! விடியும்போது தரையெல்லாம் வெள்ளை. பூ இப்படிக் கொட்டியும் நம் ஊரில் அது காய்ப்பதோ அபூர்வம்!

அதன் பட்டையைத் தட்டிப் பாருங்கள். கார்க் மாதிரி மெத்தென்று இருக்கும். பாட்டில் மூடிக்கான கார்க்குக்கு மாற்றாகவே பயன்பட்ட பட்டை!

பவழமல்லியும் இரவுப் பூதான். அந்தியில் விரிந்து விடியலில் உதிரும். வெள்ளை இதழை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அந்த ஆரஞ்சுக் காம்பைப் பாருங்கள். அது சாயம்! ஒரு காலத்தில் பட்டுத்துணிக்கும் பிக்குகளின் ஆடைக்கும் காவி ஏற்றிய சாயம்!

பவழமல்லி இலையை விரலால் வருடியிருக்கிறீர்களா? உப்புத்தாள்! நிஜமாகவே மரச்சாமானைத் தேய்த்து மெருகேற்ற உதவிய இலை. மேற்கு வங்கத்தின் மாநிலப் பூவும் பவழமல்லிதான்!

அந்திமந்தாரைக்குக் கடிகாரம் தெரியும். மாலை 4 மணி சுமாருக்கு விரியும்! நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை. நிறமேறிய புல்லி! பெரு நாட்டிலிருந்து வந்த விருந்தாளி இது. பாட்டி வீட்டு வாசல் செடி என்று அலட்சியம் வேண்டாம். 1909-ல் ஜெர்மானியர் கார்ல் காரென்ஸ் இதன் வரியோடிய இலைகளை ஆராய்ந்து, சில குணங்கள் தாய்ச்செடி வழியாக மட்டுமே இறங்கும் என்று நிரூபித்தார்!

காகிதப்பூவும் இதே குடும்பம்! அங்கேயும் கண்ணைப் பறிப்பது பூ இல்லை, பூவடிச் செதில். உள்ளே குட்டியாய் வெள்ளைக் குழாய் இருக்கிறதே, அதுதான் பூ! 1767-ல் பிரேசிலில் இதைச் சேகரித்தவர் பிரெஞ்சுத் தாவரவியலர் கொமர்சோன். அவருடைய உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறியிருந்தவர் ழான் பாரே. உலகைச் சுற்றி வந்த முதல் பெண்!

ஒரு செடி நேரம் பார்த்துத் தூங்குமா? 1729-ல் பிரெஞ்சு விஞ்ஞானி தெ மைரான் தொட்டாற்சிணுங்கி மாதிரி ஒரு செடியை இருட்டறைக்குள் பூட்டி வைத்தார். வெளிச்சமே இல்லை. ஆனாலும் பகல் வேளையில் இலை விரிந்தது, இரவில் மடிந்தது! உயிர்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற ஆராய்ச்சிக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி!

தொழுகண்ணிச் செடி தொடாமலே ஆடும்! பெரிய இலைக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி இலைகள். நல்ல வெயிலில் சில நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கண்ணெதிரே! டார்வினும் ஜகதீஷ் சந்திர போஸும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த செடி இது.

கார்த்திகை, மார்கழியில் ஒரு நாள் வேதாந்தாங்கலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். எல்லோரும் பறவையைப் பார்ப்பார்கள். நீங்கள் மரத்தைப் பாருங்கள். செங்கடம்பு! மாதக்கணக்கில் ஏரித் தண்ணீரில் இடுப்பளவு நிற்கும். அழுகாது. சாகாது. கிளையெல்லாம் நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன்!

அந்தச் செங்கடம்பு பூப்பதைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். ஒன்றரை அடி நீளத்துக்குச் சிவப்புச் சரம் சரமாகத் தொங்கும். இரவில் விரியும். விடிந்தால் மரத்தடியில் சிவப்புக் கம்பளம்! தண்ணீர் தேங்கும் பள்ளம் கொல்லையில் இருந்தால் இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. என் தீர்ப்பு இது!

வேதாந்தாங்கல் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஊராருக்குப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்! ஊராருக்கு என்ன லாபம்? எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு இலவச உரம்!

தை பிறந்தாச்சு. பனங்கிழங்கு சாப்பிட்டாச்சா? பனங்கொட்டை முளைக்கும்போது மேலே வராது. முதலில் கீழே போகும்! குருத்தை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, அங்கே சோறு கட்டி வைத்துவிட்டுத்தான் வெளியே எட்டிப் பார்க்கும். அந்தச் சேமிப்பைத்தான் நாம் பொங்கலுக்கு வேகவைத்துத் தின்கிறோம்!

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. கன்றைப் பார்த்து எந்தப் பண்டிதராலும் சொல்ல முடியாது. பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 12 முதல் 20 வருடம்! நுங்குக்கு ஆசைப்பட்டு ஒரே ஒரு பனை நட்டவர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பனை ஓலையின் அடியில் பனை உழவாரன் குடியிருக்கும். கூடு கட்ட அதற்குப் பசை கடையில் வாங்க வேண்டாம். எச்சில் போதும்! இறகை எச்சிலால் ஓலையோடு ஒட்டி, முட்டையையும் ஒட்டி வைத்துவிடும். ஓலை எவ்வளவு ஆடினாலும் முட்டை விழாது!

ஒரே முறை பூத்துவிட்டு உயிரை விடும் பனை தெரியுமா? குடைப்பனை! 30 முதல் 80 வருடம் சும்மா நிற்கும். பிறகு உச்சியில் 20 அடிக்கு மேல் ஒரு பூங்கொத்து. லட்சம் லட்சமாகப் பூக்கள். தாவர உலகிலேயே மிகப் பெரிய பூங்கொத்து இதுதான்! காய்த்து முடித்ததும் மரம் காலி.

மூங்கிலும் அப்படியே. நம் முள் மூங்கில் பூக்க நாற்பது வருடத்தைத் தொடும். ஒன்று பூத்தால் காடே பூக்கும். பூத்தது அத்தனையும் சாகும்! (குறிஞ்சிக்கு 12 வருடம் என்று யாராவது பெருமை அடித்தால் இதைச் சொல்லிச் சிரியுங்கள்.)

முந்திரிப்பழம் பழமே இல்லை! அது வீங்கிய காம்பு. கீழே தொங்கும் கொட்டைதான் உண்மையான கனி. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். நம் கடலோர மணலில் சொந்த ஊர் மாதிரி வேரூன்றிவிட்டது. பச்சைக் கொட்டையின் தோல் எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும். மாமரத்துப் பால் பட்டாலும் புண்ணாகிறதே? இரண்டும் பங்காளிகள்!

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்திருக்கிறதே, அது முசுறு எறும்பின் கைவேலை. நூல் எங்கிருந்து? குஞ்சுகளிடமிருந்து! புழுவை வாயில் கவ்விக்கொண்டு இங்கும் அங்கும் ஆட்டும். புழு இழை விடும். இலை தைபடும். தங்கச்சிகளையே தையல் மிஷினாக்கிய அக்காமார்கள்!

அந்த முசுறை விரட்டாதீர்கள். பூச்சிகளைத் தின்று மரத்தைக் காக்கும். கி.பி. 304-ஐச் சேர்ந்த சீன நூல் ஒன்று, ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் சந்தையில் இந்த எறும்புக் கூட்டை விலைக்கு வாங்கிய கதையைச் சொல்கிறது. 1,700 வருடத்துக்கு முந்தைய பூச்சிமருந்து!

மாசி, பங்குனியில் காசான் மரத்தைத் தவறவிடாதீர்கள். சங்கப் புலவர்கள் காயா என்று கொண்டாடியது இதைத்தான். நீலமும் ஊதாவும் கலந்த பூ, நுனியில் அல்ல, கிளையின் உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்! திருமால் மேனிக்கு உவமை சொன்ன நிறம். இலையில் இருப்பதோ மஞ்சள் சாயம்!

சப்போட்டா மரத்தின் கால் யாருடையது? பாலை மரத்துடையது! மெக்சிகோ பக்கத்துச் சப்போட்டாவை நம் காட்டு உலக்கைப் பாலை நாற்றின் மேல்தான் நர்சரிக்காரர்கள் ஒட்டுக் கட்டுகிறார்கள். சப்போட்டாவின் பாலில்தான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள் என்பது உபரிச் செய்தி!

பாலையில் பழுக்கும் மஞ்சள் பழமும் தித்திப்பு. பறவைகளுக்கு முன் எழுந்தால் உங்களுக்கு!

எட்டியும் தேத்தாவும் ஒரே பேரினத்துச் சகோதரர்கள். எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரைக்னின், ஆளைக் கொல்லும். தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறம் உரசிக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் வண்டல் அடியில் படிந்து தண்ணீர் தெளியும்! அண்ணன் எமன், தம்பி தண்ணீர்ப்பந்தல்!

கொன்றை பூக்கும்போது இலையைக் காணோமே? பாதி உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும்! காய் இரண்டடி நீளம். உள்ளே அறை அறையாய்த் தடுப்பு, அறைக்கு ஒரு விதை. கேரளத்துக்கு மாநிலப் பூ. தாய்லாந்துக்குத் தேசியப் பூ! நமக்குச் சிவன் தலைப் பூ.

வெப்பாலை இலையை ஒடித்தால் வெள்ளைப் பால். அதே இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால்? ஊதா! பச்சை இலை, வெள்ளைத் தேங்காய், ஊதா எண்ணெய்! சித்த மருத்துவர்கள் சோரியாசிஸுக்குக் கொடுக்கும் தைலம் இதுதான். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்து மரப்பொம்மைகளும் இந்த மரத்தில் கடைந்தவையே!

பங்குனி, சித்திரையில் கொல்லையெல்லாம் வேப்பம்பூ. அந்த வேம்புக்கு ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கினார்கள்! 1994-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க விவசாயத் துறைக்கும், வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்காக. இந்தியா சும்மா விடவில்லை. 2000-ல் ரத்து. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடி! நம் பாட்டிகளின் வைத்தியம் ஜெயித்தது!

கோடை மழை ஒன்று விழட்டும். மரநிழலில் செத்த எலி நாற்றம் வரும். பதறாதீர்கள், சேனை பூத்திருக்கிறது! மாமிசம் அழுகிய வாடையால் ஈயையும் வண்டையும் ஏமாற்றி அழைக்கும் பூ. வாடை பரவுவதற்கு என்ன செய்யும் தெரியுமா? தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும்! காய்ச்சல் அடிக்கும் பூ!

பூ போன பிறகு குடை விரித்த சின்ன மரம் மாதிரி ஒன்று எழும்புகிறதே, அதில் எத்தனை இலை? எண்ணிவிட்டீர்களா? ஒன்றே ஒன்று! தண்டு போல நிற்பது காம்பு, கிளை போல விரிவது ஒரே இலையின் பிளவுகள். சுமத்ராவில் இதன் பெரியண்ணன் 10 அடி உயரத்துக்குப் பூக்கும்!

வைகாசியில் பந்து பந்தாய்ச் சிவக்கும் மே லில்லி, வருடத்துக்கு ஒரே முறை. ஒரு பந்தில் 200 பூ வரை! சொந்த ஊர் ஆப்பிரிக்கா.

ஆனி, ஆடிக் காற்றில் கடற்கரைக்குப் போனால் முள் பந்துகள் உங்களைத் துரத்தும். ராவணன் மீசை! பெண் செடியின் கதிர்த்தலை ஒடிந்து, காற்றில் உருண்டு உருண்டு விதையைக் கொண்டுபோகும். கால் முளைத்த விதை!

பக்கத்திலேயே அடப்பங்கொடி. ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ. ஒரே கொடி 100 அடிவரை ஓடும். மணலை இறுக்கிக் கட்டும். விதை கடலில் மிதந்தே உலகம் சுற்றும். வெப்பமண்டலக் கரை எங்கும் இந்தக் கொடி!

பூவரசம் பூ காலையில் மஞ்சள். சாயங்காலம் கருஞ்சிவப்பு! ஒரே நாளில் இரண்டு சேலை! விதை உப்புத்தண்ணீரில் ஊறினாலும் முளைக்கும். பீப்பீ ஊதிய இலைக்குப் பின்னால் இவ்வளவு சங்கதி!

புன்னை மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தலமரம். கொட்டையெண்ணெய் விளக்குக்கும் எரிந்தது, படகுக்கும் பூசினார்கள். உப்புக்காற்று முகத்தில் அறையும் இடத்தில் மல்லிகை கருகும், புன்னை சிரிக்கும்!

சவுக்கு ஊசியிலை மரம் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! ஊசி மாதிரி இருப்பது இலையே அல்ல, மெல்லிய குச்சி. கணுவில் பிரித்துப் பாருங்கள். பூதக்கண்ணாடிக்குத் தெரியும் செதில்கள் வட்டமாய் நிற்கும். அவைதான் இலை! 19-ஆம் நூற்றாண்டில் நம் கரையில் தோப்பு தோப்பாய் நட்டார்கள். எதற்கு? ரயில் எஞ்சினுக்கு விறகு!

கடப்பாக்கத்து ஆலம்பறைக் கோட்டை 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். பீரங்கி பாதி வேலை செய்தது. மீதியை ஆலும் அரசும் பார்த்துக்கொள்ளும்! பறவை எச்சத்தில் விழும் அந்த விதைகளுக்கு மண்ணே வேண்டாம். செங்கல் இடுக்கு போதும்!

ஆலம்பழத்துக்குள் ஒரு குடும்பக் கதை. பழம் என்று நாம் சொல்வது உள்பக்கம் திரும்பிய பூங்கொத்து. ஆலுக்கென்று ஒரு குளவி, அரசுக்கென்று ஒரு குளவி. பெண் குளவி நுழையும் வாசல் அத்தனை குறுகல்! இறகு பிய்ந்தால்தான் உள்ளே போகலாம். திரும்பி வரவே முடியாது. உள்ளே பிறக்கும் ஆண் குளவிக்கு இறகே கிடையாது. பழத்துக்குள் பிறந்து பழத்துக்குள்ளேயே சாகும்!

அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்தது. விழுதுகள் இன்றும் நிற்கின்றன!

ஆவணி, புரட்டாசியில் தாழை மணக்கும். மணப்பது ஆண் பூ! பெண் செடியில் பலா மாதிரி முரட்டுக் காய்தான். பாம்பு வரும் என்று தாழையை வெட்டுகிறவர்களே, ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அந்தப் பூவை வடித்தே பிழைக்கும் ஊர்கள் இருக்கின்றன!

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது புழு! கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. எச்சத்தை யார் தின்பார்கள்? அதுதான் தந்திரம்!

அம்மாவோ அதைவிடக் கெட்டிக்காரி. ஆடுதின்னாப்பாளை தின்று வளரும் ரோஜா அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் உடம்பில் நஞ்சு. பறவைகள் தொடாது. அந்த ரோஜா அழகியின் சேலையை அப்படியே காப்பியடித்துக் கட்டிக்கொண்டு பறக்கும் பெண் கறிவேப்பிலை அழகி! நஞ்சு துளியும் இல்லாமல் வேடம் மட்டும்!

குருந்து நட்டால் இந்த அழகிகள் கூட்டமாக வரும். காட்டு எலுமிச்சை. இலையைக் கசக்கினால் நாரத்தை வாசம், பூவோ அதைவிட. மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் உபதேசம் பெற்றது இந்த மரத்தடியில்தான்!

கிலுகிலுப்பைச் செடியில் நீலவரியன் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பது தேனுக்காக அல்ல. தண்டைச் சுரண்டி ஓர் ஆல்கலாய்டை உறிஞ்சுகின்றன. பெரும்பாலும் ஆண்கள்தான் அடித்துப் பிடித்து வரும். எதற்கு? அதைச் சென்ட்டாக மாற்றிப் பெண்ணை மயக்க!

குன்றிமணி எட்டு வைத்தால் ஏறக்குறைய ஒரு கிராம்! தட்டான்களின் தராசில் நின்ற விதை. உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு. மென்று விழுங்கினால் ஒன்றே உயிருக்கு உலை. இலையோ இனிப்பு! குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தக் கொடி வேண்டவே வேண்டாம்.

சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்கும் நித்திய கல்யாணி, மடகாஸ்கர்க்காரி. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் காக்கும் வின்கிரிஸ்டின் இதில்தான் இருக்கிறது! அக்காள் வின்பிளாஸ்டின் ஒரு கிராம் எடுக்க உலர்ந்த இலை சுமார் 500 கிலோ!

சப்பாத்திக்கள்ளி நம் ஊர்ச் செடியா? அமெரிக்கா! 1780-களின் கடைசியில் சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். கள்ளியில் காக்சினீல் பூச்சி வளர்த்துச் சிவப்புச் சாயம் எடுக்கும் கனவு! சாயம் தேறவில்லை. பிற்பாடு கள்ளி ஊரை விழுங்கியது. 1830-களில் அதே வகைப் பூச்சியைத் தென்னிந்தியாவில் விட்டார்கள், இப்போது கள்ளியைத் தின்ன! களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிய உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று!

வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி மட்டும் அசல் நம்மூர். சப்பாத்திக்கு அது சொந்தமே இல்லை. ஒடித்தால் பால் வந்தால் நம்மாள்!

சந்தனம் ஓர் ஒட்டுண்ணி! பக்கத்துச் செடியின் வேரில் வாய் வைத்து உறிஞ்சும். ஆகவே கன்று நடும்போது கூடவே ஒரு துவரைச் செடி நடுங்கள். மரம் உங்களுடையது. ஆனால் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும்!

மகிழம்பூ காய்ந்தாலும் மணக்கும். புத்தகத்துக்குள் வைத்துப் பாருங்கள்!

நாகலிங்கம் பூப்பது கிளையில் அல்ல, அடிமரத்தில்! தென்னமெரிக்க மரம். காய் பீரங்கிக்குண்டு. பூவுக்குள் இரண்டு வகை மகரந்தம். லிங்கத்தைச் சுற்றியிருப்பது இனம்பெருக்க. மேலே படமெடுத்திருக்கும் நாகத்தில் இருப்பது தேனீக்குப் போடும் தீனி!

சங்குப்பூ தலைகீழாய்ப் பூக்கும்! நீல டீ போட்டு எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். விருந்தாளிகளை அசத்த இதைவிட மலிவான வழி இல்லை!

முக்கியமான ஒன்று. புரட்டாசிக்குள் குழி வெட்டி, இலைச்சருகு போட்டு வையுங்கள். முதல் மழை நனைத்ததும் நாட்டுக் கன்றை நடுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் உங்களுக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றும்! நர்சரியில் குரோட்டன்ஸை நீட்டுவார்கள், மயங்காதீர்கள். "அண்ணே, குருந்து இருக்கா, வீரை இருக்கா, காசான் இருக்கா?" என்று கேளுங்கள்!